பாதியில் நின்ற பேய் விளையாட்டு

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணி பத்து நிமிடம். பள்ளிக்கூடச் சுவர்க்கடிகாரம் பேட்டரியில் ஓடியதால் அது மட்டும் நிற்கவில்லை. விளக்கு, தொலைக்காட்சி, அதோடு இணைத்திருந்த கம்ப்யூட்டர், அதற்குள் இருந்த பேய், எல்லாம் ஒரே நொடியில் நின்றன.

எண்பதுகளின் நடுவில் நடந்தது. நான் தேயிலைத் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. கணவருக்கு ஈப்போ நகரில் வேலை. மாதம் இரண்டு முறை வருவார். பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் படித்த என் மகளிடம் டவுன் பள்ளியின் கம்ப்யூட்டர் கழகம் விடுமுறைக்கு ஒரு சிறிய கம்ப்யூட்டரைக் கொடுத்தனுப்பியிருந்தது. அதில் அவளே ஒரு விளையாட்டு எழுதினாள். காணாமல் போன தோழியைத் தேடி மூன்று மாணவர்கள் பனிமூட்டத்தில் தேயிலைக் காட்டுக்குள் போகிறார்கள். அங்கே கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணின் ஆவி நிற்கிறது. திரையில் கட்டம் கட்டமாகப் படம், கீழே மலாய் வாசகம். எந்தப் பக்கம் போவது, என்ன செய்வது என்று விசையைத் தட்டிச் சொல்லவேண்டும்.

அதைப் பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் காட்டச் சொன்னவள் நான்தான். பெருமை. தொழிலாளர் குடியிருந்த லயத்திலிருந்து பெண்களும் பிள்ளைகளும் வந்து பெஞ்சுகளை நிறைத்தார்கள். மலாய் வாசகத்தை வகுப்பில் கதை சொல்லும் குரலில் தமிழாக்கி உரக்கப் படித்தேன்.

"அந்தப் பக்கம் போவாதடி, சறுக்கும்" என்று ஒருத்தி திரையிலிருந்த பெண்ணை அதட்டினாள்.

"டார்ச்லைட் இல்லாம எவன் லா பேய் தேடப் போவான்? டவுன் புள்ளைங்கதான் இதுங்க" என்றாள் அவள் பக்கத்தில் இருந்தவள். பெஞ்செல்லாம் சிரித்தது.

மகள் எங்கள் தோட்டத்தில் ஒவ்வொரு தேயிலைச் சரிவுக்கும் இருந்த காட்டு நம்பர்களையே விளையாட்டில் வைத்திருந்தாள். திரையில் 'பதினொன்று' என்று வந்ததும் சிரிப்பு அடங்கியது. கதையில் லயித்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஆவி திரும்பியது. நான் குரலை இழுத்துப் படித்தேன்: "என் கூடை எங்கே?"

வெளியே இடி விழுந்தது. மின்சாரம் போனது.

யாரோ அலறினார்கள். ஒரு பெஞ்சு சாய்ந்தது. மயங்கிச் சரிந்த ஒரு இளம்பெண்ணுக்குத் தண்ணீர் தெளித்து எழுப்பினோம். எல்லாரும் பெரியக்கா என்று கூப்பிடும் மூத்த கொழுந்துக்காரி எழுந்து, குடையை விட்டுவிட்டு மழையில் நடந்துபோனார்.

மறுநாள் காலை கங்காணி வாசலில் நின்றார்.

"டீச்சர், பொம்பளைங்க பதினொன்னுக்குப் போவ மாட்டேன்னு காலையில வேலைக்கு நிக்கிற பெரட்டுல சொல்லிட்டாங்க. வேற காட்டுக்குத்தான் போயிருக்காங்க."

"ஏன்?"

"இருவது வருசத்துக்கு மேல ஆச்சு. பெரியக்காவோட தங்கச்சி அங்கதான் மண்ணு சரிஞ்சு செத்துச்சு. நீங்க அதக் கூப்புட்டு நிறுத்திட்டீங்க. மலையேத்தாம விட்டுட்டீங்க."

திருவிழாவில் ஒருவர் மேல் சாமி இறங்கினால், கற்பூரம் காட்டி மலையேற்றி அனுப்பும் வரை எங்கள் தோட்டத்தில் யாரும் வீட்டுக்குப் போவதில்லை. அது எனக்கும் தெரியும்.

கங்காணி தயங்கிச் சொன்னார். "உங்க பாப்பா மேலதான் அது இருக்குன்னு பேசிக்கிறாங்க. கோயிலுக்குக் கூட்டிட்டு வாங்க. பூசாரி பாத்துக்குவாரு."

பதினேழு வயதுப் பெண். பேய் பிடித்தவள் என்று ஒருமுறை பெயர் விழுந்தால் அவள் எங்கே படிக்கப் போனாலும் கூடவே வரும். ஊர் வாயை மூட ஒரு விபூதி போதும் என்றால் போட்டுவிடலாமே என்றுகூட எண்ணினேன். கோயிலுக்குக் கட்டிப் போகச் சேலையைக் கையில் எடுத்துவிட்டேன்.

"நான் வரமாட்டேன்" என்றாள் மகள். "பதினொன்னுல யாரோ செத்த கதைன்னு பசங்க சொன்னாங்க, அவ்வளவுதான் தெரியும். கடைசியில அந்தப் பொம்பள கூடையோட போயிடுவா. அதக் காலையிலதான் எழுதினேன், கேசட்ல ஏத்தி வெக்கல, கரண்டு போனதும் அழிஞ்சு போயிடுச்சு. மறுபடி எழுதி முடிக்கிறேன் மா."

சேலையை மடித்து உள்ளே வைத்தேன்.

அன்று மாலை பெரியக்கா வீட்டுக்குப் போனேன். உள்ளே அடுப்பு எரியும் வாசம் வந்தது. மூன்று முறை கூப்பிட்டும் கதவு திறக்கவில்லை. மூடிய கதவிடமே மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

செவ்வாய்க்கிழமை விடியலில் பெரட்டுக்கே போனேன். பெயர் கூப்பிட்டு ஆட்களைப் பிரிக்கும் அந்த இடத்தில் ஆசிரியைக்கு வேலையில்லை. தோட்டத்தை நடத்தும் துரையும் நின்றிருந்தார். எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "நாளைக்குச் சாயந்தரம் நாலு மணிக்கு மிச்சத்தப் போடுறோம். தொடங்குனது நான். முடிச்சும் வைக்கிறேன். வாங்க."

"மறுபடி மயக்கம் போட வைக்கவா டீச்சர்?" என்றாள் பின்வரிசையில் ஒருத்தி. வருகிறேன் என்று யாரும் சொல்லவில்லை. எல்லார் பார்வையும் பெரியக்கா பக்கம் போனது. அவர் கூடையின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

இரண்டு நாள் மகள் மேசையை விட்டு எழவில்லை. ஒவ்வொரு பத்து வரிக்கும் கேசட்டில் ஏற்றச் சொல்லி அவள் உயிரை வாங்கினேன். பதினொன்றாம் காட்டில் கொழுந்து முற்றிக்கொண்டிருந்தது. ஜன்னலிலிருந்து பார்த்தால் அந்தச் சரிவு மட்டும் மற்றவற்றைவிட உயரமாகத் தெரிந்தது.

புதன்கிழமை நாலு மணிக்குத் திரையில் ஆவி அதே இடத்தில் நின்றது. பெஞ்சுகள் காலி. நாலே கால். மகள் என்னைப் பார்க்காமல் விசைகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். "ஆள் இல்லன்னாலும் முடிச்சிடுவோம்" என்றேன்.

அப்போதுதான் வாசலில் நிழல் விழுந்தது. பெரியக்கா. தோளில் கூடை, காலில் காட்டுச் சேறு. அவருக்குப் பின்னால், உள்ளே வராமல், பெண்கள் எல்லாரும் நின்றார்கள்.

அவர் நேரே திரை முன்னால் போய் நின்று அந்தக் கட்டம் கட்டமான உருவத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு மகளின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எந்தங்கச்சி கூடையத் தேடல பாப்பா. கூடையத் தூக்கிப் போட்டுட்டுத்தான் ஓடியாந்தா. புள்ளைங்களப் பாத்துக்குற ஆயாக்கொட்டாயில கைப்புள்ளய விட்டிருந்தா, பால் குடுக்குற நேரம். வழியிலதான் மண்ணு சரிஞ்சிடுச்சு. அத மாத்தி எழுது. உம்புள்ள திரிங்காப்பு ஊர்ல காய்கறி லோரி ஓட்டுறான், கல்யாணம் கட்டி வச்சாச்சு, நல்லா இருக்கான்னு அவகிட்ட சொல்லு. டீச்சர், நீங்க சத்தமா படிங்க. கேட்டுட்டா மலையேறிடுவா."