அத்தாவுக்கு நான் சொன்ன ஆட்டுக் கோட்பாடு

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் மதுரையில் எம்.ஏ. பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தேன். திண்டுக்கல்லிலிருந்து தினமும் காலை ரயிலில் போய், சாயங்காலம் திரும்புவேன். இரண்டாம் வருஷத்தில் ‘கேம் தியரி’ என்று புதிதாக ஒரு பாடம் வைத்தார்கள். எதிராளி என்ன செய்வான் என்று நான் யோசிக்க, நான் என்ன யோசிப்பேன் என்று அவன் யோசிக்க, கடைசியில் யாருக்கு என்ன மிஞ்சும் என்று கட்டம் கட்டிப் பார்க்கும் படிப்பு அது.

அத்தா, அதாவது என் தகப்பனார், ஊரில் தோல் மண்டி வைத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டார்.

“இப்ப என்னப்பா பாடம் நடத்துறாக?”

இங்கிலீஷில் சொன்னால் மரியாதையாக இருக்காது என்று அங்கேயே ஒரு தமிழ்ப் பெயர் கட்டினேன். “ஆட்டக் கோட்பாடுத்தா.”

அவர் கை சோற்றிலேயே நின்றது. “ஆட்டுக் கோட்பாடா?” என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பத்தாம் வகுப்பில் முதலாவதாக வந்தபோதுகூடப் பார்த்ததில்லை.

திருத்தியிருக்கலாம். ஆனால் ஆடு இல்லை, ஆட்டம் என்று சொன்னால் அடுத்த கேள்வி ‘என்ன ஆட்டம்?’ என்று வரும். சீட்டு விளையாடினார் என்பதற்காக என் சின்ன மாமாவை மூன்று மாதம் வீட்டு வாசல்படி ஏறவிடாமல் வைத்திருந்தவர் அத்தா. எங்கள் பாடப் புத்தகத்திலோ சீட்டு, பகடை, காசு சுண்டுவது எல்லாம் படத்தோடு இருந்தது. நான் குனிந்து ரசத்தைப் பிசைந்தேன்.

ஒரே வாரத்தில் தோல் வியாபாரிகள் வட்டாரம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. “எம் மகன் ஆட்டைப் பத்தி எம்.ஏ. படிக்கிறான். சர்க்காரே இப்பத்தான் முழிச்சிருக்கு” என்று அத்தா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார்.

வினை அக்காவின் கல்யாணத்தில் வந்தது. பெரிய விருந்துக்கு வேண்டிய ஆடுகளை அத்தாவே பார்த்துக்கொண்டார். மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கும் முதல் வேளைக்கு ஒரு கெடா வேண்டியிருந்தது. அதை என்னிடம் விட்டார்.

“வியாழக்கெழம அய்யலூர் சந்தைக்குப் போ. நல்ல கெடாவா ஒண்ணு புடிச்சிட்டு வா. படிச்சவன் கண்ணு எப்படின்னு ஊரு பாக்கட்டும்.”

எனக்கு ஆட்டின் வெளிப்பக்கம் மட்டும்தான் தெரியும். அதுவும் உப்புப் போட்டு மடித்து வைத்த பிறகு. அதனால் என் கூட்டாளியைத் துணைக்கு அழைத்தேன். செம்பட்டிப் பக்கம் தக்காளியும் கத்தரியும் போடும் வீட்டுப் பிள்ளை அவன். என்னோடு அதே ரயிலில் போய் அதே வகுப்பில் படித்தான். பல்லைப் பார்த்து வயது சொல்வான்.

பஸ்ஸில் போகும்போதே திட்டம் போட்டோம். அய்யலூரில் வாயால் விலை பேச மாட்டார்கள். தரகரும் வாங்குகிறவரும் ஒரு துண்டைப் போட்டு மூடி, அதற்குள் விரலைப் பிடித்துப் பேசுவார்கள். யார் எவ்வளவு கேட்டார்கள் என்று பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாது. ஆகவே நாங்கள் இரண்டு பேரும் முன்பின் அறியாதவர்கள் போல நிற்க வேண்டியது. அவன் முதலில் போய் அடிமாட்டு விலை கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு விலகுவான். பிறகு நான் போய் ஒரு விரல் கூட்டிக் கேட்பேன். ‘இதாவது வந்ததே’ என்று தரகர் முடித்துவிடுவார். யார் என்ன சொன்னாலும் அதற்கு மேல் இருவரும் போகக் கூடாது.

“புஸ்தகத்துல இருக்கிறத அப்படியே எறக்குறோம் மாப்ளே” என்றான் கூட்டாளி.

சந்தையில் கருப்பில் வெள்ளை போட்ட ஒரு கெடாவைத் தேர்ந்தெடுத்தான். வாயைப் பிளந்து பார்த்து, முதுகைத் தடவி, தொடையை அமுக்கினான். அமுக்கிய கையை எடுக்கவே இல்லை.

“எங்க ஊர்ல சாமிக்கு நேந்துக்கிட்டது ஒண்ணு பாக்கி நிக்குது. இந்த மாதிரிதான் வேணும்” என்றான்.

அந்த ஒரு வார்த்தையை அவன் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

தரகர் ஒல்லியான மனிதர். காதில் ஒரு பீடி சொருகியிருந்தார். கூட்டாளி போய்த் துண்டுக்குள் கைவிட்டு, முகம் சுளித்து விலகினான். நான் போனேன். தரகரின் கை காய்ந்த தோல் போலச் சொரசொரப்பாக இருந்தது. நான் ஒரு விரல் கூட்டிப் பிடித்தேன். அவர் வானத்தைப் பார்த்தார்.

“செத்த நேரம் இருங்க அப்பு” என்று போனவர், கூட்டாளியிடம் ஏதோ பேசிவிட்டுத் திரும்பினார். “அந்த நீலச் சட்டைக்காரரு உங்களுக்கு மேல ரெண்டு வெரல் போயிட்டாரே.”

போக மாட்டான் என்று எனக்குத் தெரியும். பஸ்ஸில் கையடித்துச் சத்தியம் செய்திருக்கிறான். ஆனால் விலகிப் போனவன் கை மறுபடியும் அந்தக் கெடாவின் முதுகில்தான் இருந்தது. ஊரில் சாமி வேறு காத்திருக்கிறது. நான் வெறுங்கையோடு வீட்டுக்குப் போனால் என் படிப்பு என்ன ஆவது? மூன்று விரல் கூட்டினேன்.

தரகர் அந்தப் பக்கம் போனார். கூட்டாளி என்னைப் பார்த்த பார்வையை எப்படிச் சொல்வது? என் வீட்டில் எத்தனையோ முறை சாப்பிட்டவன், இலையில் கல்லைக் கண்டதுபோலப் பார்த்தான். பிறகு அவனும் துண்டுக்குள் கையை விட்டான். நானும் விட்டேன். நாலைந்து சுற்று இப்படியே போனது. கடைசியில் எனக்கு வந்த கோபத்தில் தரகரின் முழுக் கையையும் பிடித்துவிட்டேன். அவர் துண்டை உருவி, என் உள்ளங்கையில் ஓங்கி ஓர் அடி அடித்தார். “முடிஞ்சது! ஓட்டிக்கிட்டுப் போங்க!”

திரும்பும்போது லாரியில் ஏறினோம். கெடா நடுவில் நின்றது. நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு வந்தோம். வடமதுரை தாண்டும்போது அவன் ஒரே ஒரு வார்த்தை பேசினான். “துரோகி.” “யாருடா?” என்றேன். மறுநாள் ரயிலில் அவன் வேறு பெட்டியில் ஏறிக்கொண்டான்.

அத்தா கெடாவைச் சுற்றி வந்து பார்த்தார். நல்ல ஆடுதான் என்றார். விலையைக் கேட்டதும் கொஞ்சம் உட்கார்ந்தார். “இந்த வெலைக்கு ஒண்ணரை ஆடு வாங்கலாமேப்பா. சரி, எம்.ஏ. ஆடுன்னு நெனச்சுக்கிருவோம்.”

மூன்றாம் நாள் அந்தத் தரகரே தோல் விஷயமாக மண்டிக்கு வந்தார். என்னைக் கண்டதும் சிரிக்கத் தொடங்கியவர் நிறுத்தவே இல்லை.

“பாய், இது உங்க பிள்ளையா? இவரும் இன்னொரு தம்பியும் ஒரே பஸ்ல வந்து எறங்கி, ஒரே எலைல இட்டிலி தின்னாக. பெறகு பாத்தா, யாரோ எவரோன்னு நிக்கிறாக. நான் சும்மா விடுவனா? அவரு கூட்டிட்டாருன்னு இவருட்டச் சொன்னேன், இவரு கூட்டிட்டாருன்னு அவருட்டச் சொன்னேன்.”

“மொதல்ல கூட்டினது யாரு?” என்று கேட்டேன்.

“நாந்தான்.”

அன்று சாயங்காலமே சைக்கிளை எடுத்துக்கொண்டு செம்பட்டிக்கு மிதித்தேன். கூட்டாளி தோட்டத்தில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தான். நான் சொல்லி முடித்ததும் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்து சிரித்தான். “ரெண்டு கைதிய தனித்தனி ரூம்ல வச்சு விசாரிப்பாகளே, அந்தக் கணக்குக்கு நான் எண்பது மார்க் வாங்கினேன் மாப்ளே” என்றான்.

நடந்ததை நான் கட்டுரையாக எழுதிக் கொடுத்தேன். எங்கள் பேராசிரியர் சிரிக்கத் தெரியாதவர் என்று நினைத்திருந்தோம். வகுப்பில் அதை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அக்கா கல்யாணத்துக்கு அவரை அழைத்தேன். வந்தேவிட்டார்.

பந்தலில் ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. நான் தண்ணீர் எடுக்கப் போய்த் திரும்புவதற்குள் அத்தா அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“ஆட்டுல எதை சார் மொதல்ல பாக்கணும்?”

பேராசிரியர் காதில் அது ‘ஆட்டத்துல’ என்றுதான் விழுந்திருக்க வேண்டும். “எதிர்ல நிக்கிறது என்ன செய்யப்போகுதுன்னு பாக்கணும்” என்றார்.

“வாஸ்தவம். முட்ட வந்துச்சுன்னா?”

“நாம விலகலாம். ஆனா நாம விலகுவோம்னு அது தெரிஞ்சு வச்சிருந்தா, எப்பவும் முட்டிக்கிட்டே வரும்.”

அத்தா அசந்துவிட்டார். “அம்புட்டு அறிவா அதுக்கு! குட்டி போடுறத பத்தியும் பாடம் இருக்குங்களா?”

“குட்டியா?” என்று பேராசிரியர் என்னைப் பார்த்தார். அத்தாவும் என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த தண்ணீரை நானே குடித்தேன்.

பேராசிரியர் நல்லவர். பொய்யும் சொல்லாமல், என்னையும் காட்டிக்கொடுக்காமல், மனிதர்கள் பேரம் பேசுவதைப் பற்றிய படிப்பு இது என்று பொறுமையாக விளக்கினார். சீட்டு, பகடை என்ற சொற்கள் அவர் வாயில் வரவே இல்லை. அத்தா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பேராசிரியரை ரயிலேற்றிவிட்டு வந்த பிறகு என்னை மண்டியின் உள்ளறைக்குக் கூப்பிட்டார். இன்று அடி நிச்சயம் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார். “இது ஊர்ல வேற யாருக்காச்சும் தெரியுமா?”

“கூட்டாளிக்கு மட்டும்.”

“அவனையும் வாயத் தொறக்க வேணாம்னு சொல்லு. திருச்சி வரைக்கும் சொல்லி வச்சிருக்கேன். எவன் கேட்டாலும் நீ ஆட்டப் பத்தித்தான் படிக்கிறே. வெளங்குச்சா?”

விளங்கியது. எம்.ஏ. தேறினேன். ஆட்டக் கோட்பாட்டுத் தாளில் நல்ல மார்க்தான். முடிவு வந்த வாரம் பக்கத்துத் தெருக்காரர் ஒருவர், இரை எடுக்காத பெட்டையாடு ஒன்றைக் கயிற்றோடு இழுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். அத்தா உள்ளேயிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இறங்கிப் போய், மிகுந்த பொறுப்போடு அதன் வாயைப் பிளந்து பார்த்தேன்.