தண்ணி வந்த அன்னிக்கு எடுத்த போட்டோ

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு போன். ஜமால்.

"மாப்ள, ஒம் போன்ல கேமரா நல்லாருக்கும்ல? எடுத்துக்கிட்டுக் கெளம்பி வா. வெயிலுக்கு முன்னாடி வந்துரு."

வெயிலுக்கு முன்னாடியாம்! பெரம்பலூரில் அப்படி ஒரு நேரம் இருக்கிறதா என்ன? முழங்கால் வலி, பஸ் கூட்டம்... முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்.

"வூட்ட வெலைக்குக் கேட்டு ஆளு வந்துட்டுப் போயிருச்சு மாப்ள. நூரு சரின்னுட்டா."

கிளம்பிவிட்டேன்.

ஜமால் பெரம்பலூரில் என்னோடு படித்தவன். மீசை முளைத்த கையோடு வளைகுடாவுக்குப் போனவன். அவர்கள் ஊரில் அதற்குச் சபர் என்று பெயர். வாழ்க்கையின் பெரும்பகுதி சபரிலேயே கழிந்து, இந்த வருஷம்தான் ஒரேயடியாகத் திரும்பியிருக்கிறான். ஊர் வெள்ளாற்றங்கரையில். பெயரை எழுதமாட்டேன். எழுதினால் எந்த நாட்டில் இருந்தாலும் போன் போட்டுச் சண்டைக்கு வருவார்கள். ஊரை விட்டுப் போனவர்களுக்குத்தானே ஊர்மேல் ரோஷம் அதிகம்?

விஷயம் இதுதான். மகள் திருச்சியில் இருக்கிறாள். மாடி காலியாக இருக்கிறது, வந்துவிடுங்கள் என்கிறாள். ஜமாலின் மனைவி நூர்ஜஹானுக்கு முழுச் சம்மதம். இவன்தான் அசையமாட்டேன் என்கிறான்.

"ஆத்தங்கரையில காலத்தக் கழிக்கலாம்னுதானே அம்புட்டு வெயில்லயும் வெந்தேன்? இப்பப் போயி மாடிப்படி ஏறுன்னா?"

அவன் கட்சிக்குச் சாட்சி ஓர் ஆல்பம். அவன் அங்கே இருந்த காலமெல்லாம் வருஷத்துக்கு ஒரு போட்டோ வீட்டிலிருந்து போகும். குடும்பம் மொத்தமும் படித்துறையில் வரிசையாக நிற்கும். பின்னால் நுங்கும் நுரையுமாக ஆறு. வரிசைக்கு நடுவே ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு ஒரு காலி இடம். சபரில் இருக்கிறவருக்கு இடம் விட்டு நிற்பது அந்தத் தெருவின் பழக்கம். கூடவே கடைத்தெரு, கொட்டகை என்று ஊர்ப் படங்களும் சில.

"நூருக்கு இந்த ஊரு செத்துப்போச்சாம் மாப்ள. போட்டோவக் கையில வச்சுக்கிட்டு ஒண்ணொண்ணா பாப்போம். பாதி தேறினாக்கூட நான் இங்கதான். தேறலன்னா வூட்டக் குடுத்துர்றேன். நீதான் நடுவரு."

நாங்கள் தெருவில் இறங்கும்போது வெயில் ஏறியிருந்தது. குடையோடு நூர்ஜஹானும் கூட வந்தாள். "வாங்கண்ணே, எழவு கேக்க வந்தீங்களா?" என்றாள் என்னிடம்.

பாருங்கள், எனக்கு இந்த மாதிரி வாய்கள்தான் உயிர். ஆனால் அன்றைக்குச் சிரிக்கக்கூட அலுப்பாக இருந்தது.

கடைத்தெரு. போட்டோவில் ஜவுளிக்கடை வாசலில் ஆட்கள் முண்டியடிக்கிறார்கள். இப்போது ஷட்டர் இறங்கிக் கிடக்கிறது. சினிமா கொட்டகை இருந்த இடத்தில் சிமென்ட் மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். அவர்கள் தெருவில் மட்டும் குறைச்சல் இல்லை. மார்பிள், கிரில் கேட், மூன்று மாடி... எல்லா கேட்டிலும் பூட்டு.

"வூடு பெருசாயிட்டுல்ல?" என்றான் ஜமால், விட்டுக்கொடுக்காமல்.

"பெருசாத்தான் ஆயிட்டு. பூட்டு குடியிருக்க எம்புட்டு எடம் வேணும்?" என்றாள் அவள்.

டீக்கடையில் உட்கார்ந்தோம். அங்கேதான் ஆல்பத்தை அகலமாக விரித்துவைத்துக்கொண்டு ஜமால் கடைசி ஆயுதத்தை எடுத்தான். "கடை போவும், கொட்டகை போவும். ஆறு போயிருமா? பாரு மாப்ள. ஒரு போட்டோவுலயாவது தண்ணி கொறஞ்சிருக்கா?"

உண்மைதான். ஆற்றுப் படம் எல்லாவற்றிலும் கரை தொட்ட தண்ணீர்.

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஆறா? அதுவும் சபர் போயிருச்சு பாய். வருசத்துக்கு ஒருக்கா லீவுல வரும். நாலு நாளு நிக்கும். உறவுக்காரங்க பாத்து முடிக்கறதுக்குள்ள கெளம்பிடும். ஒங்கள மாரியே!"

கடையே சிரித்தது. ஜமால் சிரிக்கவில்லை. "அப்ப இதெல்லாம் என்ன?" என்று ஆல்பத்தைத் தட்டினான்.

நூர்ஜஹான் கிளாஸைக் கீழே வைத்தாள்.

"தண்ணி வந்த அன்னிக்குத்தான் போட்டோ எடுப்போம்."

"என்ன?"

"ஆத்துல தண்ணி வருதுன்னு சத்தம் கேட்டா அடுப்ப அணைச்சுட்டு ஓடுவோம். உங்கம்மா மொத ஆளா நிக்கும். புள்ளைவொ பள்ளிக்கூடத்துல இருந்தா நான் போயிக் கூட்டியாருவேன். மறுநாளு பாத்தா வடிஞ்சு போயிருக்கும். காஞ்ச ஆத்த அனுப்பி வச்சா, அங்க நீங்க சோறு திம்பீங்களா?"

ஜமால் ஆல்பத்தை மூடினான். அவன் லீவில் வருவதெல்லாம் பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்த கோடையில். கோடையில் எந்த ஆறுதான் காயாது? மழைக்காலத்தில் ஓடும் என்று நம்பியிருக்கிறான். நம்புவதற்குத்தான் வருஷா வருஷம் போட்டோ போய்க்கொண்டிருந்ததே... அவன் அறையில் இருந்த மலையாளிகளிடம், உங்க ஆறெல்லாம் என்ன ஆறு, எங்க ஆத்தப் பாருங்கடா என்று காட்டிப் பெருமையடிப்பானாம்.

யார்மேல் குற்றம் சொல்வது? ஊர் காய்ந்துகொண்டே வந்ததை ஒருத்தி தினமும் பார்த்தாள். பார்க்காதவனுக்கு ஈரத்தை மட்டும் அனுப்பினாள். தூரத்தில் இருப்பவர்களிடம் நாம் எல்லோருமே செய்வதுதானே இது? போனில் "நல்லாருக்கோம்" என்று சொல்லாத வீடு எது?

"சரி, வந்தது வந்துட்ட. ஆத்துல ஒரு போட்டோ எடுத்துரு" என்றான் ஜமால். குரலில் சுருதி இல்லை.

படித்துறையில் மேல்படிகள் மட்டும் மிச்சம். கீழே மண் மேவி, அதன்மேல் சீமைக்கருவேலம் ஆளுயரத்துக்கு நின்றது. ஜமால் ஒரு படியில் போய் நின்றான். நூர்ஜஹான் குடையை மடக்கிவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றாள்.

பக்கத்தில் என்றா சொன்னேன்? போனில் பார்க்கிறேன்... இரண்டு பேருக்கும் நடுவே சரியாக ஓர் ஆள் இடம்.

"தங்கச்சி, கொஞ்சம் ஒட்டி நில்லும்மா. ஆளு வந்துட்டான்ல!"

அவள் திரும்பிப் பார்த்தாள். இடைவெளியைப் பார்த்தாள். கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"எடம் வுட்டு எடம் வுட்டே பழகிப்போச்சுண்ணே."

ஜமால்தான் நகர்ந்தான். அந்தக் காலி இடத்தில் வந்து நின்று, எதிர்க்கரையைப் பார்த்தபடி சொன்னான்.

"போவோம் நூரு. வூட்டக் கேட்டவனுக்குச் சரின்னு சொல்லிருவோம். தோத்துட்டேன்."

ஜெயித்தவள் சந்தோஷப்பட வேண்டாமா? அவள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"இப்பவே என்ன அவசரம்? ஐப்பசி வரட்டும். எப்படியும் ஒரு நாளாவது தண்ணி வரும். நீங்க நிக்கிற மாரி ஒரு போட்டோகூட இந்த ஆத்துல இல்ல. அத எடுத்துக்கிட்டுப் போவோம்."

"வரலன்னா?"

"வரலன்னா அடுத்த ஐப்பசி. எனக்குக் காத்துக்கெடக்கத் தெரியாதா என்ன?"

நான் பட்டனை அமுக்கினேன்.

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் இல்லை. வாலிகண்டபுரம் வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன். முழங்கால் இன்னும் சரியாகவில்லை. இதோ, ஐப்பசியும் பக்கத்தில் வந்துவிட்டது. வானம் இருட்டினால் ஜமாலுக்குப் போன் போட்டு, ஆற்றில் தண்ணீர் வந்ததா என்று கேட்கிறேன்.

வரவில்லை என்று அவன் சொன்னால்... ஏனோ எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருக்கிறது.