ஆய்த்து மேம்!

பெங்களூரில் நர்சிங் மாணவிகளுக்கு வார்டில் வைத்துப் பாடம் எடுப்பது என் வேலை. இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட உங்களுக்கே தெரியும்: எதிர்த்துப் பேசாத பெண்ணுக்கு நல்ல பெண் என்று மார்க் போடுகிறோம். அப்புறம் நாம்தான் முழிக்கிறோம்.

நூற்றி இருபது

ஒருநாள் வகுப்பில் வேண்டுமென்றே தப்பாக, "பெரியவர்களுக்கு நாடித்துடிப்பு சாதாரணமாக நூற்றி இருபது" என்றேன். நாற்பது பேரும் குனிந்து எழுதினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதல் பெஞ்சு பவித்ராவை எழுப்பினேன். அத்திபெலேயிலிருந்து தினம் பஸ் பிடித்து வரும் கெட்டிக்காரி.

"தப்புன்னு தெரியும் மேம். நீங்க சொன்னா எழுதணும்ல?"

ஆய்த்து

கன்னடத்தில் 'ஆய்த்து' என்றால் சரி என்றும் அர்த்தம், முடிந்தது என்றும் அர்த்தம். இங்கேயே ஒக்கலிபுரத்தில் பிறந்த என்னையே சிலசமயம் குழப்பும்.

நாலாம் பெட்டில் மாணிக்கம், ரிட்டயர்டு பஸ் டிரைவர், சர்க்கரைக்காரர். "இன்சுலின்?" என்று வார்டு சிஸ்டர் கேட்க, 'சரி, போடுகிறேன்' என்ற அர்த்தத்தில் பவித்ரா "ஆய்த்து சிஸ்டர்" என்றாள். போட்டாயிற்று என்று சிஸ்டர் சார்ட்டில் டிக் அடித்துவிட்டார். ஊசியோடு வந்த பவித்ரா டிக்கைப் பார்த்தாள். சிஸ்டரே போட்டிருப்பார் என்று நினைத்து, வாய் திறக்காமல் திரும்பினாள். நான் குறுக்கே வந்து, போடாத ஊசியோடு எங்கே போகிறாய் என்று கேட்டதால் தப்பித்தோம். மாணிக்கம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போட்டாங்களா இல்லையான்னு என்னையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

இல்ல மேம்

அடுத்த வாரம், காலை நேர அவசரம். நாலாம் பெட் இன்சுலினை எடுத்துக் கொடுத்து, "சீக்கிரம் போடு" என்றேன். பவித்ரா கட்டிலருகே போய் ஏதோ கேட்டாள். ஊசியோடு திரும்பி வந்தாள்.

"இல்ல மேம், போட மாட்டேன்."

வார்டே திரும்பிப் பார்த்தது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. அவள் நகரவில்லை. ஸ்கேனுக்காக மாணிக்கத்தை வெறும் வயிற்றில் வைத்திருக்கிறார்களாம். அது சார்ட்டில் ஏறவில்லை, நானும் கேட்கவில்லை. டாக்டருக்குப் போன் போட்டேன். "ஐயோ, நிறுத்துங்க!" என்றார். கோபம் போய் வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பெருமையாக இருந்தது. "என்கிட்ட பயமா இல்லையா?" என்றேன்.

"இருந்துச்சு மேம். உங்க கோபம் ஏறினா தானா இறங்கிடும். அவருக்கு சுகர் இறங்கினா?"

இப்போதெல்லாம் நான் எதைச் சொன்னாலும் வகுப்பு முழுக்க "ஏன் மேம்?" என்கிறது, "ஆய்த்து" என்று சொல்லிவிட்டுப் பதில் தேடிப் புத்தகத்தைப் புரட்டுவது நான்தான்.