வெயில் என்று சொன்னேன்

உப்பளத்தில் வேலை செய்கிற எங்களுக்குக் கண் கூசுவது புதுசில்லை. உச்சி வெயிலில் உற்றுப் பார்த்தால் உப்புக் குவியல் அசைகிற மாதிரிதான் இருக்கும். அதனால், குயிலாப்பாளையம் கெஸ்ட் ஹவுஸில் எலெக்ட்ரீஷியனாக இருந்த என் தம்பி, வேலையை விட்டு வந்த அன்றைக்கே, "உப்பு மூச்சு விடுதுக்கா" என்றபோது, "வெயில்டா, வேற வேலையில்லையா உனக்கு" என்று எரிந்து விழுந்தேன். ஒரு கூலிங் கிளாஸும் வாங்கிக் கொடுத்தேன்.

அதைக் கழற்றாமலே திரிந்தான். மழை வந்து உப்பளத்தில் வேலை நின்றது. வெயிலே இல்லாத அந்த நாட்களிலும் வீட்டுச் சுவரும் மூச்சு விடுகிறதென்று நடுங்கினான். அப்புறம்தான் புதுச்சேரியில் மனநல டாக்டரிடம் கூட்டிப் போனேன்.

டாக்டர் திட்டவில்லை. "ஏதாவது போதைப்பொருள் எடுத்தியாப்பா?" என்று மெதுவாகக் கேட்டார். கெஸ்ட் ஹவுஸ் பார்ட்டியில் யாரோ கொடுத்த, போதை மருந்து தோய்த்த ஸ்டாம்ப் மாதிரியான காகிதத் துண்டை ஒரே ஒரு தடவை நாக்கில் வைத்ததாகச் சொன்னான். சிலருக்கு இப்படி மாதக்கணக்கில் நீடிக்கும், சிகிச்சை இருக்கிறது, இனிமேல் அதைத் தொடவே கூடாது என்றார்.

"இப்படியெல்லாம் தெரியுதுன்னு இத்தனை நாளா யாருகிட்டயும் சொல்லலியா?"

தம்பி கூலிங் கிளாஸைக் கழற்றி என் மடியில் வைத்தான்.

"அக்காகிட்ட மொத நாளே சொன்னேன் சார்."