கப்பலுக்கு எடுத்துப்போன சர்பத்

கப்பலில் ஒரு டீக்குக்கூடக் காசு கொடுக்காமல் அந்தமான் போய்ச் சேர்ந்தவள் என்று எங்கள் சொந்தத்தில் எனக்கு ஒரு பெயர் உண்டு. கல்யாண வீட்டில் யாராவது சோடா உடைத்தால், "அவங்க எதிர்ல உடைக்காதே, வயிறு எரியும்" என்று கேலி செய்வார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். கஞ்சப் பிசினாரி என்று நினைத்துக்கொள்ளட்டும். உண்மையை எடுத்துச் சொல்வதற்கு அந்தப் பெயரே மேல் என்று இத்தனை வருடமும் இருந்துவிட்டேன்.

எழுபதுகளின் கடைசியில், ஒரு மே மாத விடுமுறையில், நானும் என் வீட்டுக்காரரும் மெட்ராஸிலிருந்து போர்ட் பிளேருக்குக் கப்பலில் போனோம். அவர் குடியை விட்டு அப்போது ஐந்து மாதம் ஆகியிருந்தது. கப்பலில் சாராயக் கடை உண்டு என்று எனக்குத் தெரியும். அந்தக் கடைப் பக்கம் அவர் கால் போகக் கூடாது. நான் மூட்டை கட்டிய சர்பத்தெல்லாம் அதற்காகத்தான்.

அவர் ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் பட்டைக் குழிகளைப் பார்த்துக்கொள்ளும் சூப்பர்வைசர். ஆவாரம் பட்டையை ஊறவைத்த தண்ணீரில் தோல்கள் நாள்கணக்கில் கிடக்கும். எந்தத் தோலை எந்தக் குழியிலிருந்து எப்போது எடுக்க வேண்டும் என்று விரலால் தொட்டுச் சொல்லிவிடுவார். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். ஊரில் மதுவிலக்கு இருந்தது, பேருக்கு. மலையிலிருந்து லாரி டியூபில் சாராயம் இறங்கிக்கொண்டுதான் இருந்தது. மற்ற வீடுகளில் குடித்துவிட்டு வந்தால் அடி, உதை, கூச்சல். எங்கள் வீட்டில் அது ஒன்றும் கிடையாது. குடித்தால் அவர் எங்கோ போய்விடுவார். பக்கத்தில்தான் படுத்திருப்பார், ஆள் மட்டும் இருக்க மாட்டார். எட்டு வருடம் நான் அப்படி ஒரு ஆள் இல்லாத வீட்டில் குடித்தனம் செய்தேன்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலையில், பல் தேய்த்துக்கொண்டே, "இனிமே இல்ல" என்றார். குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு என்பார்கள். இவர் விடிந்த பிறகு சொன்னதால் கொஞ்சம் நம்பினேன். ஜெபக் கூட்டம், சாட்சி, எதுவும் இல்லை. அவ்வளவுதான் சொன்னார். அதற்கப்புறம் சாயங்காலங்களில் வீட்டில் ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். அவரோடு என்ன பேசுவது என்றுகூட எனக்கு மறந்துபோயிருந்தது.

போர்ட் பிளேரில் மரம் அறுக்கும் மில்லில் வேலை பார்த்த என் கொழுந்தன், தன் கைக்குழந்தையை வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்று டிக்கெட்டுக்குப் பணம் அனுப்பினார். அண்ணன் திருந்திவிட்டார் என்ற சந்தோஷம் அவருக்கு. எனக்கும்தான். என்னோடு வேலை பார்த்த டீச்சர் ஒருத்தியின் அண்ணன் துறைமுகத்தில் இருந்தார். அவள்தான் அந்தக் குண்டைப் போட்டாள்.

"கரை மறைஞ்சதும் கடையைத் திறந்துடுவாங்களாம். பீர், பிராந்தி எல்லாம். கலர் சோடா விக்கிற கவுண்டர்லயே. நம்ம ஊர் சட்டமெல்லாம் அங்க செல்லாதாம்."

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. டீ, சோடா, கலர், எது வாங்கப் போனாலும் அந்தக் கவுண்டர்தான். ஆகவே எதையும் வாங்கவே கூடாது என்று முடிவு செய்தேன். நன்னாரி வேரை இடித்துப் பாகு காய்ச்சி மூன்று பாட்டில். எலுமிச்சம் சாறும் சர்க்கரையும் சேர்த்து இரண்டு பாட்டில். சுக்கு மல்லி காபித்தூள் ஒரு டப்பா. பானகத்துக்கு வெல்லம். இதெல்லாம் எதுக்கு என்று அவர் கேட்டபோது, "கப்பல்ல விலை ஜாஸ்தியாம். ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்" என்றேன். என் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தார்.

இரண்டு நாள் கழித்து அவரும் தன் பங்குக்கு ஒன்று கொண்டுவந்தார். ஆட்டுத் தோலில் தண்ணீர்ப் பை. அவரே வெட்டி, அவரே தைத்து, தையலில் மெழுகு தேய்த்து, வாய்க்கு ஒரு மரக் கட்டை செதுக்கியிருந்தார். கப்பல் குழாயில் துரு வாடை அடிக்குமாம். நல்ல தண்ணீருக்கு அலைகிற ஊர் எங்களுடையது. எங்கே போனாலும் குடிதண்ணீரைக் கையோடு கொண்டுபோகிற பழக்கம் எல்லோருக்கும் உண்டு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் தோண்டிய ஊற்றிலிருந்து பை நிறையத் தண்ணீர் பிடித்தோம். குழந்தையைத் தூக்குகிற மாதிரி அதைத் தோளில் போட்டுக்கொண்டு ரயில் ஏறினார்.

காட்பாடியில் ரயில் நின்றதும் டீக்காரன் ஜன்னலுக்கு வந்தான். அவர் சட்டைப் பைக்குள் கையை விடுவதற்குள் நான் பிளாஸ்கைத் திறந்துவிட்டேன்.

கப்பலில் எங்களுக்குக் கீழ்த்தட்டில் அடுக்குக் கட்டில். இஞ்சின் சத்தம் தலையணைக்குள்ளேயே கேட்டது. கம்பெனியில் தோல் சுற்றும் மரப் பீப்பாய்கள் இப்படித்தான் இரவும் பகலும் தடதடக்கும் என்று அவர் சொன்னார். அதைக் கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. மேல்தட்டுக்குப் போனால் கரை இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் நீலம். மத்தியானத்தில் அது நீலமும் இல்லை, கண் கூசுகிற வெறும் வெளிச்சம். மணி என்ன, கிழமை என்ன என்று யாரும் கேட்கவில்லை. மணி அடித்துப் பழகிய எனக்கு அது முதலில் பயமாகவும் பிறகு சுகமாகவும் இருந்தது. அரைத் தூக்கத்தில் நடக்கிற மாதிரி நடந்தேன். மீன்கள் தண்ணீரை விட்டு எழும்பி, பறந்து, மறுபடி விழுந்தன. நிஜமாகவே பார்த்தேனா என்று இப்போது கேட்டால் சத்தியம் செய்ய மாட்டேன்.

முதல் நாள் சாயங்காலம் பையைத் திறந்தோம். டம்ளரில் விழுந்த தண்ணீரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். பொன் கலந்த பழுப்பு. பிராந்தி இப்படித்தான் இருக்கும். அவர் டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தார். முகம் சுருங்கியது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது போலிருக்கிறது.

"பட்டை இறங்கிடுச்சு" என்றார் கடைசியில். "பதினைஞ்சு நாள் தண்ணிய ஊத்தி ஊத்திக் கொட்டியிருக்கணும். அவசரப்பட்டுட்டேன்."

"வாடை வந்திருக்குமே, தெரியலியா?"

"உனக்குத் தெரிஞ்சுதா?"

எனக்கும்தான் தெரியவில்லை. ஊரே அந்த வாடையில் இருக்கும்போது மூக்கு எதைக் கண்டுபிடிக்கும்? பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மா, பர்மாவிலிருந்து வந்து அந்தமானில் குடியேறிய தமிழ்க் குடும்பத்துக்காரர், "காலையிலயே கேக்கணும்னு இருந்தேன்மா, உங்க சாமான்ல செருப்பு ஏதாச்சும் ஊறுதா?" என்றார். நான் சிரிக்க ஆரம்பித்தேன். என் வீட்டுக்காரரும் சிரித்தார். இருபது வருடமாகத் தோலைத் தொட்டே எல்லாம் சொல்கிறவர், தன் பெண்டாட்டிக்குக் குழித் தண்ணீரைக் குடிக்கக் கொண்டுவந்திருந்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். அவர் இப்படிச் சிரித்து எத்தனை வருடம் ஆயிற்று என்று எண்ணிப் பார்த்தேன், எண்ண முடியவில்லை.

அதற்கப்புறம் கப்பல் குழாய்த் தண்ணீர்தான். துரு வாடையை நன்னாரி மறைத்துக்கொண்டது. சமையல்கட்டு ஆளுக்கு கொழுந்தனுக்கென்று கொண்டுபோன ஆற்காட்டு மக்கன் பேடா இனிப்பில் நாலு கொடுத்து, காலையும் மாலையும் ஒரு செம்பு வெந்நீர் வாங்கிக்கொண்டேன். சுக்கு காபி ஆயிற்று. கண்கொத்திப் பாம்பாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்தால் ஒரு டம்ளர். யோசித்தால் ஒரு டம்ளர். மேலே போகலாமா என்றால் அதற்கு முன்னால் ஒரு டம்ளர்.

"இன்னா, என்னைத் தண்ணித் தொட்டின்னு நினைச்சியா? பேஜாரா இருக்கும்மா" என்றார் இரண்டாம் நாள். ஆனாலும் வாங்கிக் குடித்தார். ஒவ்வொரு முறையும் குடித்தார். எனக்கு அப்போது வெற்றி பெற்ற மாதிரி இருந்தது.

மூன்றாம் நாள் கடல் கொஞ்சம் புரண்டது. எனக்கு வாந்தி. பக்கத்துக் கட்டில் அம்மா கொடுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்தேன். கனவில் பாலாற்றில் கரை தொட்டுத் தண்ணீர் ஓடியது. அந்தத் தண்ணீரில் எங்கள் கப்பல் வந்தது. ரயில் பாலத்துக்கு அடியில் சத்தமில்லாமல் நுழைந்து, பள்ளிக்கூடத்து வாசலில் நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். அவர் மட்டும் மேல்தட்டில் நின்றுகொண்டு, இறங்க மாட்டேன் என்று கையை ஆட்டினார். கோபமாக இல்லை, பிரியமாகத்தான் ஆட்டினார். கப்பல் அவரோடு திரும்பிப் போனது.

விழித்தபோது நாலு மணி. எதிர்க் கட்டில் காலியாக இருந்தது.

எங்கே என்று யாரையும் கேட்கவில்லை. கம்பியைப் பிடித்துப் பிடித்து மேலே ஏறினேன். கவுண்டருக்குப் பக்கத்தில் பத்துப் பதினைந்து நாற்காலிகள். ஒரு மூலையில் அவர் தனியாக உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு கிளாஸ். பழுப்பு. இந்த முறை அது பட்டைத் தண்ணீர் இல்லை.

கத்த வேண்டும் என்று வந்தவள்தான். எதிரில் போய் உட்கார்ந்தேன். கிளாஸ் விளிம்பு வரை நிறைந்திருந்தது.

"ஒரு மணி நேரமா இப்படியே இருக்கு" என்றார். "வாங்கினேன். இன்னும் தொடல."

"எதுக்குங்க வாங்கினீங்க?"

அவர் கடலைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "அஞ்சு மாசமா ஊர்ல கிடைக்காத எடமா பார்த்து என்னை நடத்திக் கூட்டினு போறே. இங்க வந்தா சர்பத்து சர்பத்தா ஊத்தறே. விலை ஜாஸ்தின்னு சொன்னியே, எனக்குத் தெரியாதா எதுக்குன்னு? நான் விட்டேனா, நீ விட வச்சியான்னு எனக்கே தெரியல. அது தெரியணும்."

எனக்கு ஆத்திரம் பொங்கியது. எட்டு வருடம் நான் பட்டதற்கு இவர் பரீட்சை வைக்கிறாரா? கிளாஸைத் தூக்கிக் கடலில் எறிய என் கை நீண்டது. அவர் என் கையைப் பிடிக்கவில்லை. பார்த்தார், அவ்வளவுதான்.

"நீ எறிஞ்சா அது உன் கணக்கு. நீ கீழ போம்மா. நீ இங்க இருந்தாலும் என் கணக்குல சேராது."

வாழ்க்கையில் நான் செய்த கஷ்டமான காரியம் எது என்று கேட்டால், பிற்பாடு பட்ட பிரசவத்தைச் சொல்ல மாட்டேன். அந்த நாற்காலியிலிருந்து எழுந்ததைச் சொல்வேன். எழுந்தேன். திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். கட்டிலுக்குப் போகவும் முடியவில்லை. கப்பலின் பின்பக்கம், கம்பியோரம் போய் நின்றேன். நாங்கள் வந்த வழி தண்ணீரில் வெள்ளையாகத் தெரிந்து, கொஞ்ச தூரத்தில் அழிந்துகொண்டே இருந்தது. ஜெபம் பண்ணலாம் என்றால் வார்த்தை வரவில்லை. வாய்ப்பாடுதான் வந்தது. ஏழாம் வாய்ப்பாடு வரை சொன்னேன். வெயில் மஞ்சளாகி, சிவப்பாகி, கடல் முழுக்கப் பரவியது. அவ்வளவு அழகை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. அதை அனுபவிக்க முடியாமல் செய்துவிட்டாரே என்று அதற்கும் சேர்த்து அவர்மேல் கோபம் வந்தது.

பக்கத்தில் யாரோ வந்து கம்பியைப் பிடித்தார்கள். பார்க்காமலே தெரிந்தது.

"அங்கயே வச்சிட்டு வந்துட்டேன்" என்றார். "கிளீன் பண்றவன் எடுத்துப் போய்ட்டான்."

அந்தக் குரலில் ஆள் இருந்தார். முழுசாக இருந்தார்.

அழுதேன். அழுதுகொண்டே, "எவ்ளோ குடுத்தீங்க அதுக்கு?" என்று கேட்டேன். அவர் விலையைச் சொன்னார். என் ஒரு நாள் சம்பளம். "குடிக்காததுக்கு அவ்ளோ காசா? புத்தி கெட்ட மனுஷன்!" என்று திட்டினேன். அவர் தலையைக் குனிந்து திட்டு வாங்கிக்கொண்டார். மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டேன். அதற்கப்புறம் அவர் வாழ்நாளில் ஒரு சொட்டும் தொடவில்லை என்று எழுத எனக்கு ஆசைதான். அவருடைய தம்பி இறந்த வருடம் ஒரு முறை தொட்டார், ஒரு வாரம். அவராகவே நிறுத்தினார். நான் எதையும் காய்ச்சவில்லை.

அன்றைக்கு, வெளிச்சம் போவதற்குள், முந்தானை முடிச்சை அவிழ்த்தேன். ஒரு பத்து ரூபாய் நோட்டு இருந்தது. அதை அவர் கையில் வைத்தேன்.

"எனக்குத் தாகமா இருக்கு. போய் ரெண்டு கலர் வாங்கினு வாங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். "நீயும் வா" என்றார்.

"நான் வரல. கால் வலிக்குது."

அவர் நோட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கவுண்டர் பக்கம் நடந்தார். நான் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.