இடது முன் சில்லு

டயர் கடைக்காரனுக்குக் கனவில் வரும் வாகனம்கூட ஒரு பக்கம் ஜாக்கியில்தான் நிற்கும். டயர் தூக்கி இடுப்புப் பிடித்த சகோதரர்களே, இது உங்களுக்குத் தெரியாததல்ல. யுத்தத்துக்குள் வன்னியை விட்டு வந்து முந்தலில் கடை போட்டவன் நான். யுத்தம் முடிந்து கல்பிட்டிப் பக்கம் ஹோட்டல்கள் முளைத்த பிறகு, பிக்கப் கெப் வைத்திருந்த எல்லோருக்கும் பெரிய டயர் ஆசை பிடித்துவிட்டது. றிம் மட்டும் கம்பெனி தந்ததே போதுமாம்.

ஒரு சத்தம்

கனமூலை நஸீர் நானா கருவாட்டு வியாபாரி. கடற்கரையில் மீன் காயப்போடும் வாடிகளுக்குள் கெப்பை இறக்க வேண்டும் என்று அகலமான டயர் நாலு கேட்டார். "றிம் ஒடுக்கம் நானா, டயர் கழண்டிடும்" என்றேன். "நீங்க போடாட்டி சிலாபத்தில போடுவன்" என்றார். எனக்கு ரோசம் வந்துவிட்டது. போட்டேன்.

காற்று ஏறும்போது டயரின் இரண்டு விளிம்பும் றிம்மில் போய் உட்கார்ந்து இரண்டு தரம் 'டப்' என்னும். அதை எண்ணிய பிறகுதான் நாங்கள் சில்லை வண்டியில் பூட்டுவோம். மூன்று சில்லு ஒழுங்காகச் சொல்லின. இடது முன் சில்லு ஒன்றோடு நிறுத்திக்கொண்டது. சுற்றிச் சுற்றிப் பார்த்தேன், இரண்டு விளிம்பும் சரியாகத்தான் உட்கார்ந்திருந்தன. என்னோடு வேலை செய்யும் பீற்றர் அண்ணன் மெல்லச் சிலுவை போட்டுக்கொண்டார்.

"தம்பி, மத்தச் சத்தத்த வேற யாரோ கேட்டுட்டாங்க."

வளைவில்

ஒரு கிழமையில் நானா திரும்பி வந்தார். இடப்பக்கம் வளைத்தால் கீழேயிருந்து யாரோ தட்டுகிறார்களாம். அந்தப் பக்க ஆசனத்தில்தான் அவருடைய எட்டு வயது மகள் தினமும் பள்ளிக்கூடம் போகிறாள். நான் சிரித்தேன். பெரிய டயர் மட்காட்டின் உள் பிளாஸ்டிக்கில் உரசும், வேறென்ன? பிளாஸ்டிக்கை வெட்டி எறிந்தேன். ஸ்டியரிங்கை முடியுமட்டும் ஒடித்துப் பார்த்தேன். நாலு விரல் இடைவெளி இருந்தது.

மறுநாள் நான் கடை திறக்க முன்னமே நானா வாசலில் நின்றார்.

"இப்ப வளைக்கக்குள்ள தட்டல்ல தம்பி. நேராப் போகக்குள்ளதான் தட்டுது."

மீட்டர்

பெரிய டயருக்குச் சுற்று குறைவு, ஆகவே மீட்டரும் ஓடியதைக் குறைத்தே காட்டும். இதை விளக்கி விளக்கி என் தொண்டை வற்றியிருக்கிறது. நானா பொறுமையாகக் கேட்டுவிட்டு, வாடிக்குப் போன தூரத்தையும் வந்த தூரத்தையும் எழுதிய துண்டை நீட்டினார். வந்தது கூட இருந்தது. மணலில் சில்லு சும்மா சுற்றியிருக்கும் என்று சமாளித்தேன். போகும்போதும் அதே மணல்தானே என்று எனக்கே உறைத்தது.

"போகக்குள்ள குறையக் காட்டுறது வெளங்குது. வரக்குள்ள கூடக் காட்டுதே, நாங்க வேற யார்ட வழியாலயும் வாறமா?"

ஐந்து கட்டை

ஒரு சனிக்கிழமை பின்னேரம், சத்தத்தைக் காதால் கேட்கவென்று நானும் ஏறினேன். மகள் முன்னால், நான் பின்னால். மணலில் இறங்க முன்னம் டயரில் காற்றைக் குறைப்பது இந்தக் கரையில் எல்லோருக்கும் பழக்கம். தார் றோட்டில் ஏறியதும் திரும்ப அடிக்க வேண்டும். வாடியிலிருந்து திரும்பி றோட்டில் ஏறியபோது, "உங்கட கடையில அடிப்பம்" என்றார் நானா. கடைக்கு ஐந்து மைல் கட்டைதான் இருந்தது. ஒடுக்கமான றிம், அகலமான டயர், அரைக்காற்று, வலப்பக்கம் எதிரே லொறிகள். டயர்காரன் நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கம்.

அப்போதுதான் தட்டியது. பிள்ளையின் காலடிக்குக் கீழே, விரல் முட்டியால் கதவு தட்டுவதுபோல, விடாமல் தட்டியது. நானா ஓரமாக ஒடித்து நிறுத்தினார். நான் இறங்கி மட்காட்டுக்குள் கை விட்டேன். தட்டுவதற்கு அங்கே எதுவுமே இல்லை. கையை எடுத்ததும், நின்ற இடத்திலேயே டயர் றிம்மை விட்டு நழுவி 'புஸ்' என்று இறங்கியது. கெப் அந்தப் பக்கமாகக் குந்தியது. நாங்கள் அந்நேரம் ஓடிக்கொண்டிருக்க வேண்டிய றோட்டை அடைத்துக்கொண்டு ஒரு பஸ், இன்னொரு பஸ்ஸை முந்திக்கொண்டு வந்தது. நான் மட்காட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிள்ளை மட்டும் சாதாரணமாக இருந்தாள்.

"வாப்பா, அது ஒவ்வொரு நாளும் மூணு தரம்தான் தட்டும். இண்டைக்கித்தான் நிக்காமத் தட்டிச்சு."

அகல றிம்

அகலமான றிம் வராமல் சாவி தரமாட்டேன் என்று நின்றேன். நானா சம்மதித்தார். புது றிம்மில் நாலு சில்லும் இரண்டிரண்டு தரம் சொன்னதைப் பீற்றர் அண்ணன் விரல் விட்டு எண்ணினார். அதன் பிறகுதான் சாவியைக் கொடுத்தேன்.

பத்து நாள் கழித்து நானா வந்தார். கெப்பை விட்டு இறங்கவில்லை. முன் ஆசனம் வெறுமையாக இருந்தது. மகளை இப்போது பஸ்ஸில் அனுப்புகிறாராம். ஏன், மறுபடி ஏதும் கோளாறா என்று கேட்டேன்.

"தட்டல் நிண்டு போச்சு தம்பி. இனி எங்களுக்கு யார் சொல்லுற?"

இப்போதெல்லாம் கம்பெனி றிம்மோடு வந்து பெரிய டயர் கேட்பவர்களிடம் கையிருப்பில் இல்லை என்று சொல்லிவிடுகிறேன். பின்னறையில் அடுக்கியிருக்கும் எட்டு டயரும் இந்தப் பொய்யை மதிப்பதாக மட்டும் தெரியவில்லை; நான் இல்லை என்றதும் உள்ளேயிருந்து மூன்று தரம் தட்டுகின்றன.