பட்டை உரித்த பலா

தோட்டத்து வேலையாட்களின் பேர் ஏடான செக்ரோலில் என் பேரை வெட்டிக்கொண்டு மரம் வெட்டும் தொழிலில் இறங்கியபோது நானும் ஒரு முதலாளி ஆகிவிட்டதாகத்தான் நினைத்தேன். சொத்து என்று இருந்தது இரண்டு கோடரி, ஒரு இழுப்பு வாள், ஒரு வடக்கயிறு, மரம் ஏறத் தெரிந்த ஒரு மச்சினன். தன்னையும் சொத்தில் சேர்த்துச் சொல்வது மச்சினனுக்குப் பிடிக்காது. நோட்டன் பிரிட்ஜைச் சுற்றியிருந்த தோட்டங்களில் மலைக்கு மலை ஏறி இறங்கி, மரத்துக்கு இவ்வளவு என்று கொந்தரப்புப் பேசினோம். பங்களாக் கூரைமேல் சாய்ந்த கிளை, தந்திக் கம்பியில் உரசும் வாது, மழைக்கு வேர் தூக்கி ரோட்டோரம் நிற்கும் மரம், எதுவானாலும் கூப்பிடுவார்கள். விடிகாலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு நிற்க வேண்டாம், கங்காணியிடம் ஏச்சு வாங்க வேண்டாம் என்பதுதான் என் கணக்கு. அதுவும் தப்பிப் போனது. முன்பு ஒரு கங்காணி ஏசினான், இப்போது தோட்டத்துக்கு ஒருவன் ஏசினான். மனைவியின் பேர் செக்ரோலில் இருந்ததால் வரிசை வீடான லயத்தில் ஒரு அறை மட்டும் மிஞ்சியது.

எங்களுக்குச் சோறு போட்டது பட்டை உரிக்கும் வேலை. கொழுந்தில் கொப்புள நோய் வந்த வருஷங்கள் அவை. தேயிலைக்கு வெயில் பட வேண்டும் என்று, நிழலுக்காக நட்டிருந்த, நாங்கள் சவுக்கு என்று சொல்லும் சில்வர் ஓக் மரங்களை எடுக்கச் சொன்னார்கள். பச்சையாக வெட்டினால் வேர் மண்ணுக்குள் அழுகித் தேயிலைக்கும் நோயைக் கொடுத்துவிடும். அதனால் முதலில் அடிமரத்தைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்குப் பட்டையை உரித்து விட்டுவிடுவோம். மேலிருந்து வேருக்குப் போகிற சத்து நின்று, வேர் பட்டினியில் காய்ந்த பிறகுதான் மரத்தைச் சாய்ப்போம்.

பட்டை உரித்த மரம் உடனே வாடாது. தனக்கு நடந்தது தெரியாமல் வருஷம் தாண்டியும் பச்சையாக நிற்கும். கீழே போக வேண்டிய சத்தெல்லாம் மேலேயே தங்கிவிடுவதால், அதுவரை இல்லாத அளவுக்குப் பூக்கவும் பூக்கும். ஒரு தோட்டத்துத் துரையம்மா, இந்த வருஷம் சவுக்கு எவ்வளவு அழகாகப் பூத்திருக்கிறது என்று என்னிடமே வியந்தாள். ஆமாங்கம்மா என்று சொல்லிவிட்டு, கோடரியை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு நின்றேன்.

என் அக்கா எங்கள் தோட்டத்திலேயே, கீழே இருந்த பணிய லயத்தில் இருந்தாள். அத்தான் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு அவளுக்கும் நெஞ்சு நோய் வந்தது. கொழுந்துக் கூடையைத் தூக்க முடியாதவளுக்குத் தோட்டத்தில் என்ன வேலை? பேரை வெட்டிவிட்டார்கள். மூத்த மகள் அரைக்கூலிக்கு, அரைப்பேராக வேலை செய்ததால் அறையை விட்டுவைத்தார்கள். அவளுக்குக் கீழே இன்னும் மூன்று வாய்கள். கூப்பன் அரிசி வாரத்தில் பாதிக்குத்தான் வரும். மீதிப் பாதிக்குப் பலா மரம்.

அது அத்தான் கல்யாணமான புதிதில் லயத்துக்குப் பின்னால் நட்டது. எங்கள் பக்கம் தாழ்வு என்பதால் பலா நன்றாகக் காய்த்தது. மேலே லிந்துலைப் பக்கம் குளிருக்கு வராது. மண் தோட்டத்துடையது, மரமும் தோட்டத்துடையதுதான். ஆனாலும் லயத்துச் சனங்கள் அக்காவைக் கேட்காமல் ஒரு காயைத் தொட மாட்டார்கள். பிஞ்சைக் கறி வைப்பாள், காயை அவிப்பாள், கொட்டையைச் சுட்டுக் கொடுப்பாள், பழத்தைக் கினிகத்தேனையில் முஸ்லிம் நானா கடைக்கு அனுப்பிவிட்டு மாவும் மண்ணெண்ணெயும் வாங்குவாள். அந்தப் பிள்ளைகளின் உடம்பில் ஓடியது பாதி பலாப்பால் என்று நான் கேலி பண்ணுவேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சனங்கள் அந்த மர நிழலில்தான் கூடினார்கள். தொழிற்சங்கத்து ஆள் வந்து பேசியதும் அங்கேதான். அது கண்டாக்கு ஐயாவின் கண்ணை உறுத்தியது. தோட்டத்தில் துரைக்கு அடுத்தபடி சத்தம் போடுகிறவர் அவர். பலா மரத்தை வெட்ட அரசாங்கக் கச்சேரியில் அனுமதி வாங்க வேண்டும். அனுமதி இல்லாமலே சாகடிக்கும் வழி அவருக்குத் தெரிந்திருந்தது.

"பட்டய மட்டும் எடுத்து விடு. மத்தத அது தானா பாத்துக்கும்" என்று என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"கை சுளுக்கிக்கிச்சுங்கய்யா, கோடரி புடிக்க முடியல."

அவர் என் கையைப் பார்க்கவே இல்லை. அட்டனில் தேர் இழுத்த அன்று லயம் காலியாக இருந்தது. யாரோ வந்து உரித்துவிட்டுப் போய்விட்டார்கள். திரும்பி வந்து பார்த்தபோது அடிமரம் வெள்ளை வெளேர் என்று இருந்தது, பால் வடிந்து கோடு கோடாக உறைந்திருந்தது. அக்கா மரத்தடியில் உட்கார்ந்து அத்தான் செத்த அன்று அழுத மாதிரியே அழுதாள்.

நுவரெலியாவில் ஒரு பங்களாவில் பட்டை போன மரத்துக்கு வைத்தியம் பார்த்ததை நான் கண்டிருந்தேன். உரிந்த இடத்துக்கு மேலும் கீழும் கீறி, இளங்குச்சிகளை இரண்டு முனையிலும் செருகிக் கட்டினால் சத்து குச்சி வழியாக இறங்கும். நானும் மச்சினனும் அதையே செய்தோம். மேலே சாணியும் களிமண்ணும் குழைத்துப் பூசிச் சாக்கால் சுற்றினோம். லயமே சுற்றி நின்று பார்த்தது. அந்த ஒரு நாள் நான் டாக்டர்.

மூன்றாம் வாரம் சாக்கை விலக்கிப் பார்த்தேன். குச்சிகள் எல்லாம் கறுத்துக் காய்ந்திருந்தன. ஒன்றுகூட ஒட்டவில்லை. திரும்பவும் செய்தேன், அதுவும் காய்ந்தது. அக்காவிடம் மறைக்காமல் சொன்னேன்.

"எல பச்சயாத்தானே இருக்கு?" என்றாள்.

"அது அப்பிடித்தான் இருக்கும்க்கா. உள்ளுக்குப் போயிருச்சு."

அடுத்த பருவத்தில் அந்த மரம் காய்த்த காய்ப்பை நான் வேறெங்கும் கண்டதில்லை. அடிமரம், கிளை, கவட்டை, கை வைத்த இடமெல்லாம் பிஞ்சு. பாரம் தாங்காமல் கிளைகளுக்கு முட்டுக் கொடுக்க வேண்டியதாகிவிட்டது. பக்கத்துத் தோட்டத்துச் சனங்கள்கூட வந்து பார்த்தார்கள். பூசாரி மரத்துக்கு மஞ்சள் துணி கட்டினார். என் சாணி மருந்துதான் வேலை செய்தது என்று பேச்சுப் பரவி, எங்கெங்கோ இருந்து வைத்தியத்துக்குக் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. போனால் நல்ல வருமானம் என்று மச்சினன் முணுமுணுத்தான்.

அந்தச் சமயத்தில்தான் அத்தானுடைய அண்ணன் குடும்பத்தோடு ஊருக்குப் புறப்பட்டார். பிரஜாவுரிமை மனு தள்ளுபடியாகி, இனி இங்கே என்ன இருக்கிறது என்று முடிவு செய்துவிட்டார். தம்பி பெண்டாட்டியையும் பிள்ளைகளையும் விட்டுப் போக அவருக்கு மனசு வரவில்லை. அவர்கள் பேரையும் சேர்த்தே இந்தியாவுக்குப் போகும் பாஸுக்கு எழுதியிருந்தார். திருச்சிப் பக்கம் கொஞ்சம் நிலம் இருந்தது, பெரிய வீடு இல்லாவிட்டாலும் கஞ்சிக்குப் பஞ்சமில்லை என்றார். அக்கா அரை மனசாக இருந்தாள். மரம் காய்த்ததும் அந்த அரை மனசும் மாறிவிட்டது.

"நா வரலங்க மாமா. அவரு வச்ச மரம் பொழச்சிருச்சு. எங்கள இங்கயே இருக்கச் சொல்லுது."

எனக்குக் கோபம் வந்தது. அவள் போவதில் எனக்கு ஆசையில்லை. எனக்கென்று இருந்த ஒரே கூடப்பிறப்பு அவள். ஆனாலும் அவளை மரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சாக்கைக் கிழித்துக் காட்டினேன்.

"பாருக்கா. எங்கயாச்சும் பட்ட கூடியிருக்கா? எத்தன சவுக்குக்கு நானே உரிச்சிருக்கேன். சாகப் போற மரந்தான் இப்பிடிப் பூக்கும், காய்க்கும். வர்ற வருசம் இது இருக்காது. நீ அவங்களோட போ."

அக்கா நிமிர்ந்து மேலே பார்த்தாள். தலைக்குமேல் தண்ணிக்குடம் அளவுக்குக் காய்கள் தொங்கின. பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஒனக்கு நல்லது நடந்தாலே புடிக்காது. சின்னதுல இருந்து இதே புத்திதான்."

மச்சினனைக் கூப்பிட்டுச் சொல்ல வைத்தேன். அத்தானின் அண்ணனிடமும் சொன்னேன். அவர் காய்களை அண்ணாந்து பார்த்துவிட்டு, மாப்ளே, சாமி விஷயத்தில் விளையாடாதே என்றார். பாஸில் அக்கா, பிள்ளைகள் ஐந்து பேரின் பெயரையும் அடித்துவிட்டார்கள். புறப்பட்ட அன்று வழிக்கென்று அக்கா இரண்டு பெரிய பழங்களை அறுத்துச் சுளை எடுத்துக் கட்டிக் கொடுத்தாள். பிள்ளைகள் ரோடு வரைக்கும் ஓடிப் போய்க் கை காட்டினார்கள்.

அடுத்த மழைக்கு முன்பே உச்சி இலைகள் பழுத்தன. அப்புறம் நாளுக்கொரு கிளை மொட்டையானது. அக்கா குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள். நான் தடுக்கவில்லை, சொல்ல வேண்டியதை முன்பே சொல்லியிருந்தேன். ஊருக்குப் போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் இல்லை.

கண்டாக்கு ஐயா ஆள் அனுப்பினார்.

"பட்டுப்போன மரம். லயத்து மேல விழுந்தா யாரு பதில் சொல்றது? நீயே சாச்சிரு. அடிமரம் என் வீட்டுக்கு வரணும், வாது லயத்துக்கு."

நான் மாட்டேன் என்றால் வேறு ஆள் வருவான், அக்காவின் கூரைமேல் போட்டுவிட்டுப் போவான். அதனால் நானே போனேன். மச்சினன் ஏறி வாதுகளை ஒவ்வொன்றாக வெட்டிக் கயிற்றில் இறக்கினான். மத்தியானத்துக்குள் மரம் தரைக்கு வந்துவிட்டது. அக்கா வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏசணும்னா ஏசிரு அக்கா" என்றேன்.

"ஒன்ன எதுக்கு ஏசணும்? நீ சொல்லத்தான் சொன்ன. அம்புட்டுக் காயோட மரம் நிக்கிறப்ப ஒம் பேச்ச யாருடா கேப்பா?"

குனிந்து காய்ந்த சுள்ளிகளைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டாள். பிள்ளைகளையும் பொறுக்கச் சொன்னாள். கை நிறைய அள்ளிக்கொண்டு நிமிர்ந்து என்னைக் கேட்டாள்.

"ஒரு வருசத்துக்கு வெறகு கெடக்கு. ஒலைல என்னாத்தடா தம்பி போடுறது?"